மிளகும் வாக்கும் கட்டிய ஊர்: கப்பல் பயணத்தில் கொச்சிக்கு ஒரு பகல்

விடுமுறையைக் கப்பலில் கழிப்பது ஒரு காலத்தில் அயல்நாட்டாருக்கே உரியதாகக் கருதப்பட்டது. இன்று மும்பையில் ஏறி, கோவா, கொச்சி, லட்சத்தீவு எனச் சுற்றித் திரும்பும் பயணங்களுக்கு நம் வாடிக்கையாளர்கள் பலர் குடும்பத்துடன் முன்பதிவு செய்கின்றனர். மும்பையிலிருந்து நேராகக் கொச்சிக்கு வரும் கப்பலுக்குப் பொதுவாக இரண்டு இரவுகளும் ஒரு பகலும் ஆகின்றன. நீரையும் வானையும் தவிர வேறொன்றும் காணாத அந்தப் பகலுக்குப் பின், மூன்றாம் நாள் காலையில் தென்னை வரிசை கண்ணில் படுகிறது. கரையிறங்க அனுமதி கிடைக்கிறது. மாலைக்குள் மீண்டும் கப்பலில் இருக்க வேண்டும். இடையில் நம் கையில் இருப்பது ஏழு அல்லது எட்டு மணி நேரம்.

இந்த நேரத்தில் எதைப் பார்ப்பது? பயணக் கையேடுகள் ஒரு பட்டியல் தருகின்றன: சீன வலைகள், ஒரு தேவாலயம், ஓர் அரண்மனை, ஒரு யூத ஆலயம், மசாலாக் கடைகள். பட்டியலில் பிழையில்லை. ஆனால், அதன்படி ஓடி ஓடிப் பார்த்தால், ஒன்றோடொன்று தொடர்பில்லாத ஐந்து காட்சிகளாக அவை கைப்பேசியில் தங்கிவிடும். அவற்றை இணைக்கும் இழை ஒன்று உண்டு. மிளகு வணிகமும், அவ்வணிகத்துக்காக முன்பின் அறியாதவர்கள் ஒருவருக்கொருவர் எழுதிக் கொடுத்த உறுதிமொழிகளுமே அந்த இழை. கடன், ஈடு, பிணை, ஒப்பந்தம் என்று வங்கியில் நாம் நாள்தோறும் கையாளும் சொற்களைக் கொண்டே கொச்சியைப் படித்துவிடலாம். அவ்வாறு படிக்க விரும்புவோருக்கு இக்கட்டுரை வழித்துணையாக அமையும்.

முசிறி விட்டுச்சென்ற கடன் பத்திரம்

கொச்சிக்கு முன்னோடி, அதற்கு வடக்கே பெரியாற்றின் கழிமுகப் பகுதியில் இருந்த முசிறி. யவனர் மரக்கலங்கள் பொன்னைக் கொடுத்து மிளகைப் பெற்றுச் சென்றதை அகநானூற்றின் 149ஆம் பாடல் பேசுகிறது. அதே வணிகத்தை மறுகரையிலிருந்து நோக்கிய ரோமானிய எழுத்தாளர் பிளினி, ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டர்ஸ் நாணயம் இந்தியாவுக்குப் போய்ச் சேருவதாகக் குறைப்பட்டுக் கொண்டார்.

இவ்வணிகம் எப்படி நடந்தது என்பதைக் காட்டும் ஆவணம் ஒன்று வியன்னாவில் உள்ள ஆஸ்திரிய தேசிய நூலகத்தில் இருக்கிறது. கி.பி. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அந்தப் பாப்பிரஸ் ஏட்டின் ஒரு பக்கத்தில், முசிறிப் பயணத்துடன் தொடர்புடைய கடன் ஒப்பந்தத்தின் விதிகள் கிரேக்க மொழியில் எழுதப்பட்டுள்ளன. மறுபக்கத்தில், 'ஹெர்மபோலோன்' என்ற கப்பல் கொண்டுவந்த சரக்கின் மதிப்பு கணக்கிடப்பட்டுள்ளது. கங்கைப் பகுதி நறுமணப் பொருளும் யானைத் தந்தமும் துணியும் அப்பட்டியலில் இடம்பெறுகின்றன. மொத்த மதிப்பு அக்கால எகிப்தியக் கணக்கில் ஏறத்தாழ 70 லட்சம் திரக்மா.

விதிகளைப் படித்தால் வங்கி ஊழியர்களாகிய நமக்கு வியப்பு மேலிடுகிறது. செங்கடல் துறையில் இறங்கும் சரக்கு, காவலுடன் ஒட்டகங்களில் பாலைவனத்தைக் கடக்க வேண்டும். நைல் நதியில் படகேறி அலெக்சாந்திரியாவை அடைய வேண்டும். அங்குள்ள அரசுச் சுங்கக் கிடங்கில், கடன் கொடுத்தவரின் முத்திரையின் கீழ் அது வைக்கப்பட வேண்டும். நான்கில் ஒரு பங்கு சுங்கமாகப் போகும். குறித்த காலத்தில் கடன் திரும்பாவிட்டால், கடன் கொடுத்தவர் சரக்கைக் கைப்பற்றி விற்றுக்கொள்ளலாம். இன்று உழவர்களுக்கும் வணிகர்களுக்கும் கிடங்கு ரசீதின் பேரில் நாம் வழங்கும் கடனின் அடிப்படையும் இதுவே: சரக்கு கிடங்கில், சாவி கடன் கொடுத்தவர் கையில், தவணைத் தேதி தாளில்.

முசிறியின் கதை மணலில் முடிந்தது. 1341ஆம் ஆண்டு பெரியாற்றில் ஏற்பட்ட பெருவெள்ளம் பழைய முகத்துவாரத்தைத் தூர்த்து, தெற்கே கொச்சியில் கடலுக்கான வாயிலை அகலத் திறந்துவிட்டது என்று வரலாற்றாசிரியர்கள் கூறுகின்றனர். துறை இடம் மாறியது. மிளகும் வணிகரும் பின்தொடர்ந்தனர். கொச்சியில் நாம் காணப்போகும் அனைத்தும் இதற்குப் பின்னர் எழுந்தவை.

கப்பல் நிற்கும் தீவு

உல்லாசக் கப்பல்கள் கொச்சியில் வந்து நிற்கும் வில்லிங்டன் தீவே ஒரு பார்வையிடம்தான். பலர் அதைக் கவனியாமல் வாடகை வண்டியைத் தேடிப் போய்விடுகின்றனர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை கொச்சி முகத்துவாரத்தின் குறுக்கே மணல்திட்டு ஒன்று கிடந்தது. பெரிய கப்பல்கள் உள்ளே வர இயலாமல் வெளிக்கடலில் நங்கூரமிட்டு நிற்க, சரக்கு படகுகளில் சென்று வந்தது. மழைக்காலக் கொந்தளிப்பில் அதற்கும் வழியில்லை.

அந்நாளில் கோட்டைக் கொச்சி ஆங்கிலேயரின் சென்னை மாகாணத்துக்கு உட்பட்டிருந்தது. மாகாண ஆளுநராயிருந்த வில்லிங்டன் பிரபுவின் காலத்தில், ராபர்ட் பிரிஸ்டோ என்ற பொறியாளர் 1920இல் கொச்சிக்கு அனுப்பப்பட்டார். அலைகளையும் மணல் நகர்வையும் பல ஆண்டுகள் ஆராய்ந்த பின்னர், திட்டை வெட்டி ஆழமான கால்வாய் அமைத்தார். 1928இல் பெரிய கப்பல் உள்துறைமுகத்துக்குள் நுழைந்தது. தோண்டியெடுத்த மண்ணைக் கழியில் கொட்டி உருவாக்கியதே இந்தத் தீவு. 1936இல் கொச்சி பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது.

பொறியியலுக்கு நிகராக இதில் பேச்சுவார்த்தையும் இருந்தது. துறைமுகத்தைச் சுற்றிச் சென்னை மாகாணம், கொச்சி, திருவிதாங்கூர் என மூன்று ஆட்சிகள். சுங்க வருவாயைப் பங்கிட்டுக்கொள்வது குறித்து இவற்றிடையே உடன்பாடு தேவைப்பட்டது. நாம் காலூன்றும் முதல் அடி நிலமே ஓர் ஒப்பந்தத்தின் மேல் நிற்கிறது.

கோட்டைக் கொச்சி: நெருக்கடியில் எழுதிய ஒப்பந்தம்

தீவிலிருந்து பாலம் வழியே தோப்பும்படியைக் கடந்து வாகனத்தில் கோட்டைக் கொச்சியை அடையலாம். வெயில் ஏறுமுன் கடற்கரையில் இருப்பது நல்லது. சீன வலைகள் இயங்குவதைக் காண அதுவே ஏற்ற நேரம்.

தேக்குக் கட்டைகளாலும் மூங்கிலாலும் ஆன நீண்ட கைகளில் தொங்கும் இவ்வலைகள், தராசைப் போல் இயங்குகின்றன. ஒரு முனையில் வலை. மறுமுனையில், கயிறுகளில் வரிசையாகக் கட்டிய கற்கள் எதிர் எடையாகத் தொங்குகின்றன. தண்டின் மேல் ஒருவர் நடந்து சென்றால் வலை நீருக்குள் இறங்கும். சில நிமிடங்களுக்குப் பின் நான்கைந்து பேர் கயிற்றைப் பிடித்து இழுத்தால் மேலே எழும். சீனர்கள் கொண்டுவந்தது என்பது வழிவழிச் செய்தி. வலையின் சில பாகங்களின் பெயர்கள் போர்த்துக்கீசியச் சொற்களை ஒத்திருப்பதால், சீனாவின் மக்காவ் வழியே போர்த்துக்கீசியர் கொண்டுவந்திருக்கலாம் என்ற கருத்தும் உண்டு. மீனவர்கள் கயிற்றைப் பிடித்துப் பார்க்க நம்மை அழைப்பார்கள். இழுத்துப் பார்த்தபின் ஒரு சிறு தொகை கொடுப்பது முறை. அருகிலேயே விற்கும் மீனை வாங்கி, பக்கத்துக் கடையில் சமைத்துத் தரச் சொல்லியும் உண்ணலாம்.

கடற்கரையில் ஆங்காங்கே சிதைந்து கிடக்கும் கற்சுவர்த் துண்டுகளைக் கண்டால் சற்று நில்லுங்கள். இந்தியாவில் ஐரோப்பியர் எழுப்பிய முதல் கோட்டையான இம்மானுவேல் கோட்டை இங்கேதான் இருந்தது. அது எழுந்த விதம், ஒப்பந்தம் எழுதும் எவரும் அறிந்திருக்க வேண்டிய பாடம்.

1500இல் போர்த்துக்கீசியத் தளபதி கப்ரால் கோழிக்கோட்டில் மோதல் ஏற்பட்டுக் கொச்சிக்கு வந்தார். கோழிக்கோட்டுச் சாமூதிரியின் மேலாதிக்கத்தால் அல்லலுற்றிருந்த கொச்சி மன்னர் அவரை வரவேற்று மிளகு ஏற்ற இடமளித்தார். சினம்கொண்ட சாமூதிரி 1503இல் படையெடுத்தார். அடைக்கலம் புகுந்த அயலாரைக் கையளிக்கக் கொச்சி மன்னர் மறுத்துவிட்டார். தலைநகரை இழந்து, எதிர்க்கரையில் உள்ள வைப்பின் தீவில் ஒதுங்கினார். பின்னர் வந்த போர்த்துக்கீசியக் கப்பற்படை அவரை மீண்டும் அரியணையில் அமர்த்தியது. அதற்கு ஈடாகக் கேட்டது, கோட்டை கட்ட அனுமதி. மன்னர் மறுக்கும் நிலையில் இல்லை. தென்னை மரத் துண்டுகளை அடுக்கி எழுந்த அந்த முதல் அரண், பின்னர்க் கல்லாக மாறியது.

உதவி உண்மையானதுதான். ஆனால், விலையை உதவியவரே நிர்ணயித்தார். மிளகுக்கு ஒரு நிலையான விலை எழுதப்பட்டது. சந்தையில் விலை ஏறியபோதும் எழுதிய விலை அசையவில்லை. விளைவிப்போர் மனம் கசந்து, மிளகை வேறு வணிகர்களுக்கு மறைவாக விற்றனர். மலைக்கணவாய்கள் வழியே கிழக்கேயும் அனுப்பினர். 1663இல் டச்சுக்காரர் கோட்டையைக் கைப்பற்றியபோது மன்னருக்கு நண்பராக வந்து, அவர்களும் மிளகின் மேல் தனியுரிமை எழுதி வாங்கினர். 1795இல் ஆங்கிலேயர் வந்தனர். மூன்று கொடிகள் மாறின. மன்னர் முதலில் எழுதிக் கொடுத்த கட்டுப்பாடு வடிவம் மாறித் தொடர்ந்தது. ஆபத்தில் இருப்பவர் கையெழுத்திடும் ஆவணத்தில் வட்டி விகிதத்தைக் காட்டிலும், அதிலிருந்து வெளியேறும் வழி எழுதப்பட்டிருக்கிறதா என்பதே முதலில் பார்க்க வேண்டியது. கைப்பேசிச் செயலியில் ஐந்து நிமிடக் கடன் வாங்குவோருக்கும் இது பொருந்தும்.

கடற்கரையிலிருந்து நடக்கும் தொலைவில் புனித பிரான்சிஸ் தேவாலயம் இருக்கிறது. 1503இல் மரத்தால் எழுந்து, 1516இல் கற்கட்டடமாக முடிந்த இது, இந்தியாவில் ஐரோப்பியர் கட்டிய மிகப் பழைய தேவாலயமாகக் கருதப்படுகிறது. கத்தோலிக்கத் துறவியரிடமிருந்து டச்சுச் சீர்திருத்தச் சபைக்கும், பின்னர் ஆங்கிலேயத் திருச்சபைக்கும் கை மாறி, இன்று தென்னிந்தியத் திருச்சபையின் பொறுப்பில் உள்ளது. 1524 டிசம்பரில் கொச்சியில் காலமான வாஸ்கோ ட காமா இங்கே அடக்கம் செய்யப்பட்டார். பின்னர் அவரது எச்சங்கள் போர்த்துகலுக்குக் கொண்டு செல்லப்பட்டன. எஞ்சியிருப்பது வெறும் கல்லறைக் குறி. மேலே தொங்கும் துணி விசிறிகளையும் கவனியுங்கள். சுவருக்கு வெளியே நின்று பணியாள் கயிறு இழுக்க, உள்ளே இருந்தோர் காற்று வாங்கினர். அந்தக் கயிற்றின் மறுமுனையில் நின்றவர் யாரென்று எந்தக் கல்வெட்டும் சொல்வதில்லை.

பெயர் பொறிக்கப்படாத உழைப்பைக் கண்ணால் காண விரும்பினால், சற்றுத் தெற்கே வேளி என்ற இடத்திலுள்ள சலவைக் கூடத்துக்குச் செல்லலாம். டச்சுப் படையினரின் சீருடைகளை வெளுப்பதற்காகத் தமிழகத்திலிருந்து அழைத்து வரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் அங்கே தொழில் செய்கின்றனர். வரிசையாக அமைந்த கல் தொட்டிகளில் துணி அடிக்கும் ஒலியோடு தமிழும் காதில் விழும். வந்த அரசு போய்விட்டது; அழைத்து வரப்பட்டவர்கள் ஊரின் மக்களாகிவிட்டனர்.

மட்டாஞ்சேரி: சாட்சிகளோடு எழுதிய சாசனம்

அடுத்த நிறுத்தம் மட்டாஞ்சேரி. அங்குள்ள டச்சு அரண்மனையின் பெயர் முதலில் நம்மைக் குழப்பும். கட்டியவர்கள் போர்த்துக்கீசியர், காலம் ஏறத்தாழ 1555. கோயில் ஒன்றைச் சூறையாடியதால் மன்னருக்கு எழுந்த சினத்தைத் தணிக்க, வீர கேரள வர்மருக்கு இதைக் கட்டிப் பரிசளித்ததாகக் கூறுவர். டச்சுக்காரர் 1663இல் பழுதுபார்த்ததால் அவர்கள் பெயர் ஒட்டிக்கொண்டது. வெளித்தோற்றம் எளிமையானது. உள்ளே பள்ளியறையின் சுவர் முழுவதும் இராமாயணக் காட்சிகள் மூலிகை வண்ணங்களில் தீட்டப்பட்டுள்ளன. நடுமுற்றத்தில் கொச்சி அரச குடும்பத்தின் குலதெய்வமான பழயன்னூர் பகவதியின் கோயில் இருக்கிறது.

அரண்மனையை ஒட்டினாற்போல், கோயிலுக்கு அண்டை வீடாகவே, பரதேசி யூத ஆலயம் நிற்கிறது. கொடுங்கல்லூர்ப் பகுதியில் வாழ முடியாமல் வந்த யூதர்களுக்கு மன்னர் தம் அரண்மனைப் பக்கத்திலேயே நிலம் கொடுத்தார். 1568இல் ஆலயம் எழுந்தது. 1662இல் போர்த்துக்கீசியரால் சேதமுற்று, இரண்டே ஆண்டுகளில் மீண்டும் கட்டப்பட்டது. தரையில் பதித்துள்ள நீல வண்ண ஓடுகள் 18ஆம் நூற்றாண்டில் சீனாவின் காண்டனிலிருந்து வந்தவை. கையால் தீட்டியவை என்பதால் ஒன்றைப்போல் மற்றொன்று இராது. 1760இல் எழுந்த மணிக்கூண்டு, டச்சுக் கம்பெனியுடன் பெருவணிகம் நடத்திய எசேக்கியேல் ரஹபியின் கொடை. அதன் முகங்களில் வெவ்வேறு எழுத்துமுறைகளில் எண்கள் உள்ளன. கடைவீதிக்கு வந்த ஒவ்வொருவரும் தத்தம் எழுத்தில் நேரம் பார்த்துக்கொள்ள வழி செய்திருந்தார்கள்.

இந்த ஆலயத்தின் பெருஞ்செல்வம், அது பேணிவரும் செப்பேடுகளே. ஏறத்தாழ கி.பி. 1000இல் சேர மன்னர் பாஸ்கர ரவிவர்மன், யூத வணிகர் தலைவர் ஜோசப் ரப்பானுக்கு வழங்கிய சாசனம் அது. எழுதப்பட்டது வட்டெழுத்தில். வழங்கப்பட்ட இடம் முயிரிக்கோடு, அதாவது பழைய முசிறி. அஞ்சுவண்ணம் என்னும் வணிகக் குழுவின் உரிமை, சுங்க விலக்கு, பல்லக்கு, குடை உள்ளிட்ட 72 உரிமைகள் அவருக்கும் அவர் வழியினருக்கும் தரப்பட்டன. வேணாடு முதலிய நாடுகளின் தலைவர்கள் சாட்சிகளாகக் குறிக்கப்பட்டுள்ளனர்.

இங்கே கோட்டையையும் செப்பேட்டையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இரண்டிலும் அயலாருக்கு இடம் தரப்பட்டது. செப்பேட்டில் மன்னர் வலிமையோடு இருந்தார். தாமே முன்வந்து, வரம்புகளைத் தெளிவாக எழுதி, அண்டை நாட்டுத் தலைவர்களைச் சாட்சியாக நிறுத்திக் கொடுத்தார். கோட்டையில் மன்னர் நாடிழந்த நிலையில், கேட்டதைக் கொடுத்தார். முன்னது தந்த இடத்தில் ஒரு சமூகம் நூற்றாண்டுகள் அச்சமின்றி வாழ்ந்தது. பின்னது தந்த இடத்தில் பீரங்கி ஏறியது. கடன் பத்திரத்தில் பிணையாளர் கையெழுத்தும் சாட்சிகளும் வெறும் சடங்கு என்று எண்ணுவோர், இவ்விரண்டின் பலனையும் இங்கே அருகருகே காணலாம்.

1968இல் ஆலயத்தின் 400ஆம் ஆண்டு விழாவில் அன்றைய பிரதமர் இந்திரா காந்தி கலந்துகொண்டார். அஞ்சல் தலையும் வெளியிடப்பட்டது. ஆயினும் அதற்குள்ளாகவே பெரும்பாலானோர் இஸ்ரேலில் குடியேறிவிட்டனர். இன்று யூதத் தெருவில் எஞ்சியுள்ள யூதர்கள் மிகச் சிலரே. அவர்களை எவரும் விரட்டவில்லை. கதவு பூட்டிய வீடுகளைக் காணும்போது, இந்த அமைதியான பிரிவையும் நினைவில் கொள்வது நலம்.

யூதத் தெருவிலிருந்து கடைவீதி வழியே நடந்தால் இஞ்சி, ஏலம், மிளகு ஆகியவற்றின் மணம் கிடங்குகளிலிருந்து வந்து தழுவும். இங்கேதான் 1957இல் மிளகுக்கான முன்பேர வணிகம் முறையாகத் தொடங்கியது. தரகர்கள் ஒரே கூடத்தில் நின்று உரக்கக் கூவி விலை பேசினர். முன்பேரம் என்பது சூதாட்டம் என்றே பலர் எண்ணுகின்றனர். அதன் முதல் நோக்கம் வேறு. மூன்று மாதம் கழித்து அறுவடைக்கு வரும் மிளகுக்கு இன்றே ஒரு விலையை உறுதி செய்துகொண்டால், விளைவிப்பவர் விலைச் சரிவுக்கும், ஏற்றுமதியாளர் விலையேற்றத்துக்கும் அஞ்ச வேண்டியதில்லை. போர்த்துக்கீசியர் எழுதிய நிலை விலை ஒரு பக்கத்துக்கு மட்டுமே காப்பளித்தது. முன்பேரம் இரு பக்கத்துக்கும் காப்பு. அக்கூடத்தின் கூச்சல் இன்று அடங்கி, வணிகம் கணினித் திரைகளுக்குப் போய்விட்டது. பழைய கிடங்குகள் சிலவற்றில், 2012 முதல் நடைபெறும் கொச்சி முசிறி பியன்னாலே கலைக் கண்காட்சி இடம்பிடித்திருக்கிறது.

நேரத்தைப் பங்கிடும் முறை

கப்பல் யாருக்காகவும் காத்திராது. புறப்படும் நேரத்துக்கு முன்பே ஏறுபாதை மூடப்படும். கரையிறங்கும்போது அறிவிக்கப்படும் கடைசி ஏறுநேரத்தைக் குறித்துக்கொண்டு, அதற்கும் ஒரு மணி நேரம் முன்னதாகத் தீவுக்குத் திரும்பத் திட்டமிடுங்கள். பாலங்களில் மாலை நெரிசல் மிகுதி.

காலை முதல் இரண்டரை மணி நேரத்தைக் கோட்டைக் கொச்சிக்கு ஒதுக்கி, வலைகள், கோட்டைச் சுவர், தேவாலயம் ஆகியவற்றை நடந்தே பார்க்கலாம். சலவைக் கூடத்துக்கு அரை மணி போதும். மதிய உணவுக்குப் பின் அரண்மனை, யூத ஆலயம், கடைவீதி ஆகிய மூன்றுக்கும் மூன்று மணி நேரம் தேவை. அரண்மனை அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. யூத ஆலயம் சனிக்கிழமையும் யூதப் பண்டிகை நாள்களிலும் திறந்திராது. வெள்ளிக்கிழமை நேரத்தை முன்னதாகவே கேட்டறிவது நல்லது. ஆலயத்துக்குள் காலணி கூடாது. தோளும் முழங்காலும் மறையும் உடை வேண்டும். நேரம் மிஞ்சினால், 2023 ஏப்ரலில் தொடங்கிய வாட்டர் மெட்ரோ மின்படகில் கோட்டைக் கொச்சியிலிருந்து எர்ணாகுளம் வரை சென்று, நாம் வந்த துறைமுகத்தை நீர்மட்டத்திலிருந்து பார்க்கலாம்.

பணம் குறித்துச் சில சொற்கள்

முதலாவதாக, நடுக்கடலில் கைப்பேசி இணைப்பு இராது, எனவே யு.பி.ஐ. வேலை செய்யாது. கப்பலின் செயற்கைக்கோள் வலையமைப்பில் கைப்பேசி தானாக இணைந்துகொண்டால் கட்டணம் மிகுதியாகும். கரையை விட்டதும் விமானப் பயண நிலைக்கு மாற்றி வையுங்கள்.

இரண்டாவதாக, கப்பலில் செய்யும் செலவுகள் பொதுவாக அறைக் கணக்கில் சேர்ந்து கடைசி நாளில் தீர்க்கப்படுகின்றன. இதற்காகத் தொடக்கத்திலேயே உங்கள் அட்டையில் ஒரு தொகை நிறுத்தி வைக்கப்படலாம். அது செலவாகவில்லை, ஆனால், விடுவிக்கப்படும் வரை உங்கள் பயன்பாட்டு வரம்பு குறைந்தே இருக்கும். கரையில் பெரிய கொள்முதல் செய்ய எண்ணினால் வேறோர் அட்டையை வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவதாக, தொட்டுச் செலுத்தும் வசதியில் 5,000 ரூபாய் வரை இரகசிய எண் தேவைப்படுவதில்லை. நெரிசலான கடைவீதிக்குப் போகுமுன் வங்கிச் செயலியில் அந்த வரம்பைக் குறைக்கலாம். தேவையில்லையெனில் நிறுத்தியும் வைக்கலாம். பண மோசடி நேர்ந்தால் உடனே வங்கிக்கும் 1930 என்ற எண்ணுக்கும் தெரிவியுங்கள்.

நான்காவதாக, மீனவருக்கும் தானி ஓட்டுநருக்கும் கொடுக்கச் சில்லறை நோட்டுகள் கையில் இருக்கட்டும். மசாலா வாங்கும்போது பொட்டலத்தில் 14 இலக்க உணவு உரிம எண் உள்ளதா எனப் பாருங்கள். வீட்டுக்கு வந்தபின் சிறிதளவு மிளகைத் தண்ணீரில் இட்டுப் பார்க்கலாம். நல்ல மிளகு மூழ்கும், கலப்படமான பப்பாளி விதை மிதக்கும். யூதத் தெருக் கடைகளில் பழம்பொருள் வாங்குவோர் உரிய ரசீது பெற வேண்டும். நூறாண்டுக்கு மேற்பட்ட தொல்பொருள்களைத் தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டு செல்வதை 1972ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது.

மாலையில் கப்பல் முகத்துவாரத்தைக் கடக்கும்போது, மேல்தளத்தில் இடப்பக்கம் நின்றால் கோட்டைக் கொச்சியின் வலைகளையும், வலப்பக்கம் நின்றால் மன்னர் ஒதுங்கிய வைப்பினையும் காணலாம். இந்தக் குறுகிய வாயில் வழியேதான் அரேபியரும் போர்த்துக்கீசியரும் டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் வந்து சென்றனர். துப்பாக்கியோடு வந்தவர்களின் கோட்டை இன்று கற்குவியல். எழுதிய சொல்லுக்கு மதிப்பளித்தவர்களின் செப்பேடு ஆயிரம் ஆண்டுகளாக வாசிக்கும் நிலையில் இருக்கிறது. ஏழெட்டு மணி நேரத்தில் இதைக் கண்டுணர்ந்து திரும்பினால், கப்பல் கட்டணத்தில் அந்த ஒரு பகலுக்குரிய பங்கு முழுமையாக ஈடேறிவிட்டது எனக் கொள்ளலாம்.